நரம்பில் பிறந்து கிரெப்பில் வளர்ந்தது

கணினியில் எதையாவது தேடும்போது கை தானாகத் தட்டுகிற அந்த நட்சத்திரக் குறி, நரம்பு மண்டலத்தைப் பற்றிய ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேள்விக்கு வித்திட்டவர்கள் இருவர். வாரன் மெக்கல்லக் நரம்பியல் மருத்துவர். வால்டர் பிட்ஸ் கல்லூரிப் படிப்பை ஒழுங்காக முடிக்காத இருபது வயது இளைஞர், தர்க்கவியலில் அசுரன். 1943இல் சிகாகோவில் இருந்தபடி இருவரும் எழுதிய கட்டுரையில் நரம்பணு வெறும் சுவிட்சாகிவிடுகிறது: வந்து சேரும் தூண்டல்கள் ஓர் அளவைத் தாண்டினால் எரியும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். இப்படிப்பட்ட சுவிட்சுகளைப் பின்னினால் எதையெல்லாம் கணிக்கலாம் என்பதுதான் கட்டுரை. ஜான் வான் நாய்மன் 1945இல் எட்வாக் கணினிக்காக எழுதிய புகழ்பெற்ற அறிக்கையில் மேற்கோள் காட்டிய ஒரே வெளிக் கட்டுரையும் இதுதான். அசலான நரம்பு இவ்வளவு எளிமையானது அல்ல என்பது வேறு விஷயம்.

1951 கோடையில் இந்தக் கட்டுரை ஸ்டீபன் கிளேனியின் கைக்கு வந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தர்க்கவியல் சொல்லித் தருபவர். விடுமுறைக் காலத்தில் சான்டா மோனிகாவில் உள்ள ராண்ட் கார்ப்பரேஷனுக்கு வந்திருந்தார். அவர் கேட்டுக்கொண்டது இது: நரம்பு வலை ஒன்றுக்குள் சிக்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. அந்த வரிசைகளில் எவற்றை அந்த வலையால் இனம் காண முடியும், எவற்றை எத்தனை நரம்பு கொடுத்தாலும் முடியாது?

அவருக்குக் கிடைத்த பதில் ஆச்சரியப்படும் அளவுக்குச் சின்னது. இதுவோ அதுவோ என்று சொல்ல ஒரு குறி. இதற்குப் பின் அது என்று சொல்வதற்கு இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் போதும். ஒன்றை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிச் சொல்ல நட்சத்திரம். இந்த மூன்றை மட்டும் வைத்து எழுதக்கூடிய வரிசைகள் எவையோ அவற்றை நரம்பு வலை இனம் காணும். நரம்பு வலை இனம் காணும் எதையும் இந்த மூன்றால் எழுதிவிடலாம். ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. 1951 டிசம்பர் தேதியிட்ட ராண்ட் அறிக்கையாக இது சுற்றில் வந்தது. அச்சேறியது 1956இல், ஷானனும் மெக்கார்த்தியும் தொகுத்த ஆட்டோமேட்டா ஆய்வுகள் என்ற நூலில். இவ்வகை வரிசைகளுக்கு ரெகுலர் என்று பெயர் வைத்துவிட்டு, இதைவிட நல்ல பெயர் தோன்றினால் சொல்லுங்கள் என்று கட்டுரையிலேயே கேட்டிருந்தார். யாருக்கும் தோன்றவில்லை. இவ்வரிசைகளைக் குறிக்க அந்த மூன்றால் எழுதும் கோவைகளைத்தான் ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரெஜெக்ஸ், என்கிறோம். அவருடைய நட்சத்திரம் இரண்டு கோவைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. ஒரே கோவையின் பின்னால் ஒட்டிக்கொள்ளும் இன்றைய பழக்கம் சில வருடம் கழித்துத்தான் வந்தது.

நரம்பு என்ற சொல் சீக்கிரமே உதிர்ந்துவிட்டது. மிஞ்சியது ஃபைனைட் ஆட்டோமேட்டன் என்ற காகித எந்திரம். அதற்கு எண்ணி முடிக்கக்கூடிய சில நிலைகள் உண்டு. ஓர் எழுத்தைப் படிக்கும், ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு நகரும், படித்ததை மறந்துவிடும். தனியாக நினைவு என்று எதுவும் கிடையாது. எந்த நிலையில் நிற்கிறதோ அதுதான் அதன் மொத்த நினைவு. (கப)* என்று ஒரு கோவை எழுதுகிறோம் என்றால், 'கப' என்பது ஒருமுறையும் இல்லாமலோ, ஒருமுறையோ, பலமுறையோ வரலாம் என்று அர்த்தம். இதற்கான எந்திரத்துக்கு இரண்டே நிலை போதும்: 'அடுத்து க வரவேண்டும்', 'அடுத்து ப வரவேண்டும்'. வேறு எது வந்தாலும் ஆட்டம் முடிந்தது. கோவையைப் பார்த்து எந்திரத்தை வரையலாம், எந்திரத்தைப் பார்த்துக் கோவையை எழுதலாம். இரண்டும் ஒரே பொருளின் இரு பக்கங்கள் என்பதே கிளேனி நிரூபித்தது. இந்த உறவு பட்டறைக்குப் போனதும் என்ன ஆனது என்பதில்தான் மீதிக் கதை.

1957 கோடையில் மைக்கேல் ராபினும் டானா ஸ்காட்டும் ஐபிஎம் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தார்கள். இருவரும் பிரின்ஸ்டனில் அலோன்சோ சர்ச்சின் மாணவர்கள். கிளேனியும் முன்பு அதே சர்ச்சிடம் பயின்றவர்தான். இவர்கள் எந்திரத்துக்கு ஒரு விசித்திரமான சலுகை கொடுத்தார்கள். ஓர் எழுத்தைப் படித்ததும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நிலைகளுக்குப் போகலாம். அதில் ஒரு வழி வெற்றியில் முடிந்தாலும் வெற்றி. இது ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறது. ஆனால் இந்தச் சலுகையால் புதிதாக எதையும் இனம் காண முடியாது என்றும் அவர்களே காட்டினார்கள். எந்தெந்த நிலைகளில் ஒரே சமயம் நிற்கலாம் என்ற ஒவ்வொரு கூட்டத்தையும் தனி நிலையாக எண்ணிக்கொண்டால் சலுகை இல்லாத பழைய எந்திரம் கிடைத்துவிடும். 1959இல் வெளியான இந்தக் கட்டுரைக்காக 1976இல் டூரிங் விருது வந்தது. நம் பொறியியல் கல்லூரிகளில் டிஓசி (தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன்) தாள் எழுதியவர்களுக்கு இது வட்டமும் அம்புக்குறியுமாகப் பக்கம் பக்கமாக வரைந்த கணக்காக நினைவிருக்கும்.

அந்த மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. கடைசியிலிருந்து மூன்றாவது எழுத்து 'க'வாக இருக்க வேண்டும் என்ற விதியை எடுத்துக்கொள்வோம். வெறும் க, ப என்ற இரண்டே எழுத்துகள் உள்ள உலகத்தில், சலுகை எந்திரத்துக்கு 4 நிலை போதும். சலுகை இல்லாததற்கு 8. கடைசியிலிருந்து இருபதாவது எழுத்து என்று மாற்றினால் முன்னதற்கு 21, பின்னதற்கு 10,48,576. எதை இனம் காணலாம் என்பதில் இரண்டும் சமம். எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதில் ஏணி வைத்தாலும் எட்டாது.

அடுத்து வந்தவர் யானுஷ் பிரொசோவ்ஸ்கி. 1964இல் வெளிவந்த அவருடைய கட்டுரை எந்திரத்தையே வரையாமல் வேலையை முடித்தது. ஒரு கோவை இருக்கிறது, ஓர் எழுத்து வந்துவிட்டது. இனிமேல் வரவேண்டியது என்ன என்று கேட்டால், அந்த மிச்சமும் ஒரு கோவைதான். (கப)* கோவையிடம் 'க' வந்துவிட்டது என்று சொன்னால் மிச்சம் ப(கப)*. அதனிடம் 'ப' வந்துவிட்டது என்றால் மறுபடி (கப)*. வட்டம் மூடிவிட்டது. வேறு வேறாகக் கிடைக்கும் மிச்சங்களே எந்திரத்தின் நிலைகள். எழுதிக்கொண்டே போனால் எந்திரம் தானாக விரியும். அவர் இதற்கு டெரிவேட்டிவ் என்று பெயர் வைத்தார்.

இந்த முறையில் கிளேனியின் மூன்றோடு இன்னும் இரண்டு குறிகள் சிரமமே இல்லாமல் உள்ளே வந்துவிட்டன. ஒன்று 'இதுவும் அதுவும்', அதாவது இரண்டு விதிகளுக்கும் ஒரே சமயத்தில் உட்பட வேண்டும் என்பது. மற்றது 'இது தவிர மற்றெல்லாம்'. கணிதவியலாளர்கள் ரெகுலர் எக்ஸ்பிரஷனை நீட்டுவது என்று சொன்னால் இவ்விரண்டையும் சேர்ப்பதைத்தான் சொல்வார்கள். இவற்றைச் சேர்த்தாலும் உறவு கெடாது. எந்திரம் அதே ஃபைனைட் எந்திரம்தான். ஜெயிக்கும் நிலைகளையும் தோற்கும் நிலைகளையும் இடம் மாற்றிப் போட்டால் 'தவிர' கிடைத்துவிடும், சலுகை இல்லாத எந்திரமாக மட்டும் இருக்க வேண்டும்.

அதுவரை எல்லாம் காகிதத்தில். கோவையைத் தட்டச்சுப் பலகைக்குக் கொண்டுவந்தவர் கென் தாம்ப்சன். பெர்க்லியில் படித்துவிட்டு பெல் லேப்ஸுக்கு வந்த இளைஞர். பெர்க்லியில் லாம்ப்சனும் டாய்ச்சும் எழுதிய க்யூஇடி என்ற எடிட்டரை ஐபிஎம் 7094க்கு மாற்றி எழுதும்போது, தேடும் வசதிக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷனைச் செருகினார். 1968 ஜூனில் இதைப் பற்றி ஏசிஎம் இதழில் அவர் எழுதியது நான்கே பக்கம். பயனர் ஒரு கோவையைத் தட்டினால், அந்தக் கணத்திலேயே அதை 7094இன் எந்திர மொழிக்கு மொழிபெயர்த்து ஓடவிட்டார். ஓடும் நிரல் உரையை ஒரே ஒரு முறை, ஓர் எழுத்தாக, இடமிருந்து வலமாகப் படிக்கும். கோவைக்குள் இப்போது எங்கெல்லாம் நின்றுகொண்டிருக்கலாம் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளும். அடுத்த எழுத்து வந்ததும் பட்டியலில் உள்ள அத்தனை பேரையும் ஒருசேர ஓரடி நகர்த்தும். பின்னால் திரும்பவே திரும்பாது. இது ராபினும் ஸ்காட்டும் கொடுத்த சலுகையே, நிஜமாக ஓடவிடப்பட்டது. பிரொசோவ்ஸ்கியின் டெரிவேட்டிவை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு போவதுதான் இது என்று தாம்ப்சனும் அதே கட்டுரையில் குறிப்பிடுகிறார். கொள்கையும் பட்டறையும் இவ்வளவு நெருங்கி நின்ற இன்னொரு தருணத்தை இந்தப் பயணத்தில் நான் பார்க்கவில்லை.

நெருக்கம் நீடிக்கவில்லை. பிரித்ததும் தாம்ப்சன்தான்.

யூனிக்ஸ் இயங்குதளத்தை எழுதியபோது அவர் கையில் இருந்தது சின்ன கணினி. அதற்காக எழுதிய ஈடி என்ற எடிட்டரில் 'இதுவோ அதுவோ' குறியையும் அடைப்புக்குறிகளையும் கழற்றிவிட்டார். நட்சத்திரம் மட்டும் தங்கியது, அதுவும் ஒற்றை எழுத்துக்குப் பின்னால் மட்டும். தேடும் முறையையும் மாற்றினார். பட்டியல் எல்லாம் வேண்டாம். ஒரு வழியில் போய்ப் பார்க்கலாம், முட்டினால் திரும்பி வந்து அடுத்த வழியில் போகலாம். இதைத்தான் பேக்டிராக்கிங் என்கிறார்கள். குறிகள் குறைவாக இருந்த அந்த ஈடிக்கு அது போதுமானதாகவே இருந்தது.

லீ மெக்மஹோன் என்ற சக ஊழியர், அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரித்து 1787–88இல் எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் 85இல் எதை யார் எழுதியது என்று நடையை வைத்துக் கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருந்தார். அத்தனை உரையும் ஈடியின் வயிற்றில் கொள்ளவில்லை. தாம்ப்சன் ஈடியிலிருந்து தேடும் பகுதியை மட்டும் உருவி, தனிக் கருவியாக ஓர் இரவில் கொடுத்தார் என்று அதே பெல் லேப்ஸின் பிரையன் கெர்னிகன் சொல்வது வழக்கம். கோப்பு முழுக்க இந்தக் கோவையைத் தேடி வரியை அச்சிடு என்று ஈடிக்குக் கொடுக்கும் கட்டளையின் முதலெழுத்துகள் சேர்ந்ததே கிரெப். 1973இல் யூனிக்ஸ் கையேட்டின் நான்காம் பதிப்பில் அது இடம்பெற்றுவிட்டது. இன்றைக்கும் சர்வர் லாகில் எதையாவது தேட வேண்டுமென்றால், 'கிரெப் பண்ணிப் பாரு' என்பதுதான் நம் ஊர் ஐடி அலுவலகங்களில் முதலில் காதில் விழுவது.

கழற்றிப் போட்ட குறிகளைத் திரும்ப மாட்டியவர் ஆல்ஃபிரட் ஏஹோ. அதே பெல் லேப்ஸ்காரர், கொள்கையிலேயே ஊறியவர். ஒரு வார இறுதியில் ஈகிரெப் என்ற கருவியை எழுதினார். கிளேனியின் மூன்று குறிகளும் முழுசாக உண்டு. உள்ளே ஓடுவது சலுகை இல்லாத, நேரான எந்திரம். எளிய தேடலில் கிரெப்பை முந்தியது. கோவை சிக்கலானபோது ஒரு சங்கடம்: தேடுவதற்கு ஆகும் நேரத்தைவிட எந்திரத்தைக் கட்டிமுடிக்க ஆகும் நேரம் அதிகமாகிவிட்டது. மேலே பார்த்த 10,48,576இன் நிழல் அது. பிறகு ஏஹோ கட்டுவதைத் தள்ளிப்போட்டார். எந்திரத்தை முன்கூட்டிக் கட்டவே வேண்டாம். உரையைப் படித்துக்கொண்டு போகையில் எந்த நிலை உண்மையிலேயே தேவைப்படுகிறதோ அதை மட்டும் அப்போதைக்கப்போது கட்டி, மறுமுறை பயன்பட எடுத்துவைத்துக்கொண்டால் போதும். பத்து லட்சம் நிலைகள் சாத்தியம் என்றாலும் உரை அவற்றில் சில டஜனைத்தான் எட்டிப் பார்க்கும். இன்றைய வேகமான தேடல் நிரல்கள் பலவற்றின் அடியிலும் இந்தச் சோம்பேறித்தனம்தான் ஓடுகிறது.

இதே காலத்தில் ஈடியில் இன்னொன்று ஒட்டிக்கொண்டது. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அதைப் பார்க்கலாம். கோவையின் ஒரு பகுதியை அடைப்புக்குறிக்குள் வைத்து, பின்னால் \1 என்று எழுதினால், அடைப்புக்குள் எது மாட்டியதோ அதுவே அச்சு அசலாகத் திரும்ப வரவேண்டும் என்று பொருள். பேக்ரெஃபரன்ஸ் என்பார்கள். இது எவ்வளவு வசதியானது என்று தமிழ் எழுதுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: \(..*\)\1 என்ற ஒற்றை வரி (இதில் . என்றால் ஏதாவது ஓர் எழுத்து), கோப்பில் இருக்கும் இரட்டைக்கிளவிகளை எல்லாம் அள்ளிவிடும். கலகல, பளபள, கிடுகிடு, மடமட, எல்லாம் மாட்டும். கூடவே தத்துவமும் மாட்டும். யூனிகோடில் 'த்' என்பது 'த'வும் தலைமேல் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகள். ஆகவே 'தத்துவம்' என்ற சொல்லின் முதல் இரண்டு குறிகள் தனித்தனி 'த'க்கள், ரெஜெக்ஸின் கண்ணுக்கு அதுவும் இரட்டைதான். சொல்லின் தொடக்கமும் முடிவும் சேர்ந்து பொருந்த வேண்டும் என்று வரம்பு கட்டினால் இந்தத் தொந்தரவு தீரும்.

வசதி எவ்வளவு பெரிதோ, சேதமும் அவ்வளவு பெரிது. முன்னால் வந்த துண்டு எவ்வளவு நீளம் என்பதற்கு வரம்பு இல்லை. அது முழுவதையும் நினைவில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வருவது அதேதானா என்று ஒப்பிட முடியும். எண்ணி முடிக்கக்கூடிய நிலைகளைத் தவிர வேறு நினைவே இல்லாத எந்திரத்தால் இது ஆகாது. கிளேனி நிரூபித்த உறவு இந்த \1இல் அறுந்தது. ஏஹோவே 1990இல் ஒரு கையேட்டு அத்தியாயத்தில், பேக்ரெஃபரன்ஸ் உள்ள கோவையைப் பொருத்திப் பார்ப்பது என்பி-கம்ப்ளீட் என்று காட்டினார். வேகமாக முடிக்கும் வழி யாருக்கும் தெரியாத கணக்குகளின் வரிசையில் அது சேர்ந்தது.

1992இல் யூனிக்ஸ் வகைகளுக்கான போசிக்ஸ் தரம் இந்தக் குடும்பத்தை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தது. ஈடி, கிரெப் வழியில் வந்ததற்கு அடிப்படை ரகம் என்றும், ஈகிரெப் வழியில் வந்ததற்கு நீட்டித்த ரகம் என்றும் பட்டம் கட்டியது. அடைப்புக்குறிக்கு முன் பின்சாய்கோடு போட வேண்டுமா வேண்டாமா என்ற, இன்றுவரை எல்லோரையும் படுத்துகிற குழப்பம் இங்கேதான் சட்டமானது. வேடிக்கை என்னவென்றால், தரத்தின்படி பேக்ரெஃபரன்ஸ் இருப்பது அடிப்படை ரகத்தில். நீட்டித்த ரகத்தில் இல்லை. அடிப்படை என்று ஒதுக்கப்பட்டது ஃபைனைட் எந்திரத்தின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது, நீட்டித்தது என்று பெயர் வாங்கியதோ கிளேனியின் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கணிதவியலாளர்கள் நீட்டியபோது சேர்த்த 'இதுவும் அதுவும்', 'இது தவிர' இரண்டும் எந்த ரகத்திலும் இல்லை.

அதற்குள் ஊர் உலகத்துக்குப் போன பிரதி வேறு. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறைக் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஹென்றி ஸ்பென்சர், 1986இல் ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகம் ஒன்றைத் தானே எழுதி இலவசமாகக் கொடுத்தார். பெல் லேப்ஸின் மூலநிரலுக்கு உரிமப் பூட்டு; கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பார்த்து எழுதியதே ஸ்பென்சருடையது. உள்ளே பேக்டிராக்கிங். 1988இல் லாரி வால் பெர்ல் மொழியின் இரண்டாம் பதிப்பில் இதை எடுத்து வைத்துக்கொண்டார். பெர்ல் வளர வளர அதன் கோவைகளும் வளர்ந்தன: பேராசை இல்லாத நட்சத்திரம், முன்னால் எட்டிப் பார்ப்பது, இன்னும் என்னென்னவோ. 1997இல் கேம்பிரிட்ஜில் ஃபிலிப் ஹேசல், தன்னுடைய எக்ஸிம் என்ற அஞ்சல் நிரலுக்காக, பெர்ல் மாதிரியே நடக்கும் பிசிஆர்இ நூலகத்தை எழுதினார். அதிலிருந்து பிஎச்பி, வெப் சர்வர்கள் என்று பரவியது. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் அதே நடையைப் பழகின. இதற்கும் அசல் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கும் இப்போது பேருக்குத்தான் சம்பந்தம் என்று வாலே 2002இல் ஒப்புக்கொண்டார்.

வால் மீது எனக்கு வருத்தமில்லை. கேட்டவர்களுக்குக் கேட்டதைக் கொடுத்தார். பேக்ரெஃபரன்ஸ் வேண்டுமென்றால் பேக்டிராக்கிங் மாதிரி ஏதாவது ஒன்று வேண்டும்தான். ஆனால் பேக்ரெஃபரன்ஸே இல்லாத கோவையையும் அதே வழியில் ஓட்டியதுதான் கோளாறு. தாம்ப்சனின் நான்கு பக்கம் நூலகத்தில் தூங்கிக்கொண்டிருக்க, ஒன்றுமே கேட்காத எளிய கோவைகளும் அந்தச் செலவைச் சுமந்தன.

செலவைக் கையால் எண்ணிப் பார்க்கலாம். .*.*=.* என்பது கோவை. ஏதாவது, பிறகு ஏதாவது, பிறகு சமக்குறி, பிறகு ஏதாவது என்று அர்த்தம். இரண்டாவது .* தண்டம் என்பது பார்த்தாலே தெரிகிறது. இதைச் சமக்குறியே இல்லாத 20 எழுத்து உரைமேல் ஓட்டுவோம். எந்தக் குறுக்குவழியும் தெரியாத பேக்டிராக்கிங் நிரல் முதல் .*க்கு இவ்வளவு, இரண்டாவதுக்கு இவ்வளவு என்று எல்லாப் பங்கீட்டையும் பார்க்கும். பிறகு தொடக்கத்தை ஓரெழுத்து தள்ளி மறுபடி முதலிலிருந்து. சமக்குறி இருக்கிறதா என்று அது 1,771 தடவை பார்த்து, 1,771 தடவை இல்லை என்று தெரிந்துகொள்ளும். உரை 40 எழுத்தானால் 12,341. தாம்ப்சனின் முறையோ 20 எழுத்தையும் தலைக்கு ஒருமுறை படித்துவிட்டு, இல்லை என்று சொல்லிவிடும்.

இந்தக் கோவையை நான் ஜோடிக்கவில்லை. 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தன் பாதுகாப்பு அரணில் சேர்த்த ஒரு புதிய விதியின் வாலில் இருந்த துண்டு அது. உலகம் முழுக்க இருந்த அதன் சர்வர்களின் சிபியூ நூறு சதவீதத்துக்கு ஏறியது. அதன் வழியாகப் போகும் போக்குவரத்து ஒரு கட்டத்தில் 82 சதவீதம் சரிந்தது. அதற்குப் பின்னால் இருந்த தளங்கள் 27 நிமிடம் கிடைக்கவில்லை. இப்படி ஏதாவது மிஞ்சிப்போனால் நிறுத்துவதற்கென்று இருந்த காப்பு, சில வாரம் முன்பு நடந்த ஒரு திருத்தத்தில் தவறுதலாக நீக்கப்பட்டிருந்தது என்று நிறுவனமே பிறகு விரிவாக எழுதியது. 2016 ஜூலையில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் படுத்ததும் இதே ஜாதி விவகாரம்: வரியின் ஓரங்களில் உள்ள வெற்றிடத்தை வெட்டும் கோவை, கிட்டத்தட்ட 20,000 வெற்றிடங்கள் கொண்ட ஒரு வரியில் போய் மாட்டியது.

கிளவுட்ஃபிளேர் சறுக்குவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே ரஸ் காக்ஸ் எச்சரித்திருந்தார். 2007 ஜனவரியில் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஒரு வரைபடம் இருக்கிறது. வேண்டுமென்றே தொல்லை தரும் ஒரு கோவையை 29 எழுத்து உரையோடு பொருத்த அன்றைய பெர்லுக்கு 60 வினாடிக்கு மேல் ஆனது. தாம்ப்சனின் 1968 முறைக்கு 20 மைக்ரோவினாடி. முந்தைய கோடையில்தான் அவர் கூகுளில் நிரல்களைத் தேடித்தரும் சேவையைக் கட்டியிருந்தார். முன்பின் தெரியாத யாரோ தட்டும் ரெஜெக்ஸைக் கூகுள் கணினிகளில் ஓடவிட வேண்டும்; ஒருவர் விஷமம் செய்தாலும் கணினி முடங்கக் கூடாது. அதற்கு எழுதியதுதான் 2010இல் வெளியிடப்பட்ட ஆர்இ2. உள்ளே ஏஹோவின் சோம்பேறி எந்திரமும் தாம்ப்சனின் பட்டியலும். பேக்ரெஃபரன்ஸ் கிடையாது, கேட்டாலும் கிடையாது. கோ மொழியும் ரஸ்ட் மொழியின் ரெஜெக்ஸ் நூலகமும் இதே கண்டிப்பைக் கடைப்பிடித்தன. விபத்துக்குப் பிறகு கிளவுட்ஃபிளேரும் இந்தப் பக்கம் வர முடிவெடுத்தது. குனு கிரெப் நடுவழியில் நிற்கிறது: சாதாரணக் கோவை என்றால் எந்திரத்தில் ஓட்டும், \1 கண்ணில் பட்டால் மட்டும் பேக்டிராக்கிங்குக்கு மாறும். என்னைக் கேட்டால் அதுவே நியாயமான ஏற்பாடு.

இத்தனை சுற்றிலும் பிரொசோவ்ஸ்கியின் இரண்டு குறிகள் என்னவாயின? தேவை இல்லாமல் போகவில்லை. லாகில் 'பிழை' என்ற சொல் உள்ள, ஆனால் 'சோதனை' என்ற சொல் இல்லாத வரிகள் வேண்டும் என்றால் எல்லோரும் ஒரு கிரெப்பை இன்னொரு கிரெப்போடு பைப் போட்டு, இரண்டாவதைத் தலைகீழாக ஓட்டுகிறார்கள். அந்தப் பைப் 'இதுவும் அதுவும்'. தலைகீழ் 'இது தவிர'. ஷெல்லில் உட்கார்ந்திருப்பவர் தெரியாமலே பிரொசோவ்ஸ்கியின் குறிகளைத்தான் எழுதுகிறார், கோவைக்குள் எழுத முடியாததால் வெளியே எழுதுகிறார். கடவுச்சொல்லில் ஓர் எண்ணும் இருக்க வேண்டும், பெரிய எழுத்தும் இருக்க வேண்டும், வெற்றிடம் கூடாது என்ற விதிக்கு எட்டிப் பார்க்கும் குறிகளை வரிசையாக அடுக்குவதும் அதே பஞ்சத்துக்குத்தான்.

கருவிக்காரர்கள் தயங்கியதற்குக் காரணமும் உண்டு. தாம்ப்சனின் பட்டியல் முறையில் 'தவிர' நேராக உட்காராது. எந்திரத்தைச் சலுகை நீக்கி முழுசாகக் கட்டிவிட்டு நிலைகளைப் புரட்ட வேண்டும். ஒவ்வொரு 'தவிர'வுக்குள்ளும் இன்னொரு 'தவிர' இருந்தால் ஒவ்வொரு முறையும் நிலைகள் அடுக்குக்குறியில் பெருகலாம். 1973இல் லாரி ஸ்டாக்மயரும் ஆல்பர்ட் மேயரும் இந்த வகைக் கோவைகள் இரண்டு சமமா என்று சோதிப்பதற்கே, இரண்டின் அடுக்குக்கு அடுக்கு, அதற்கு மேல் அடுக்கு என்று கோபுரமாக ஏறும் நேரம் தேவைப்படலாம் என்று நிரூபித்தார்கள். கேட்டவர்கள் ஒதுங்கிவிட்டார்கள்.

அன்றாடக் கோவைகள் அவ்வளவு கொடூரமானவை அல்ல என்பது தெரிய நாளாயிற்று. 2009இல் ஸ்காட் ஓவன்ஸும் கூட்டாளிகளும் டெரிவேட்டிவைத் தூசு தட்டி எடுத்து, நடைமுறைக்கு நன்றாகவே ஆகும் என்று காட்டினார்கள். 2022இல் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 7இல், பின்னால் திரும்பாத தேடல் முறை ஒரு தெரிவாக வந்தது. மார்கஸ் வியானெஸ் குழு கட்டிய அதன் உள்ளே டெரிவேட்டிவ்தான், தேவைப்படும் நிலையை மட்டும் அவ்வப்போது கட்டும் ஏஹோவின் உத்தியோடு. அங்கிருந்து எஸ்டோனியாவின் தாலின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வியானெஸோடு சேர்ந்து ஆர்இ ஷார்ப் என்ற எந்திரத்தை எழுதி, 2025இல் நிரல்மொழிகளுக்கான பாப்பிள் மாநாட்டில் வைத்தார்கள். அதில் கோவைக்குள்ளேயே & போட்டு 'இதுவும் அதுவும்' என்று எழுதலாம், ~ போட்டு 'தவிர' என்று எழுதலாம். \1 கிடையாது.

'தவிர' கைக்கு வந்துவிட்டால் கிளேனியின் நட்சத்திரத்துக்கே சில இடங்களில் வேலை இல்லாமல் போகிறது. மேலே பார்த்த (கப)* கோவையை, க, ப இரண்டே எழுத்துள்ள உலகத்தில், நட்சத்திரமே இல்லாமல் சொல்லலாம்: 'ப'வில் தொடங்கக் கூடாது, 'க'வில் முடியக் கூடாது, 'கக' வரக் கூடாது, 'பப' வரக் கூடாது. நான்கு தடைகளையும் தாண்டி வருபவை கப, கபகப, கபகபகப என்று நீளும் சரங்கள், கூடவே வெற்றுச் சரம், அவ்வளவுதான். (கக)* மட்டும் இப்படி மசியாது. அதற்கு நட்சத்திரம் கட்டாயம் வேண்டும் என்பது 1965இல் மார்செல்-பால் ஷூட்சன்பெர்ஜே நிரூபித்த தேற்றத்திலிருந்து வருகிறது. சரி, ஒரு நட்சத்திரத்துக்குள் இன்னொரு நட்சத்திரம் கட்டாயம் தேவைப்படும் கோவை ஏதாவது இருக்கிறதா? 'தவிர' இல்லாத பழைய கோவைகளில் எத்தனை அடுக்கு தேவை என்று கணக்கிட முடியும் என 1988இல் கொசபுரோ ஹஷிகுச்சி வழி கண்டுவிட்டார். 'தவிர'வை அனுமதித்தால், இரண்டடுக்கு நட்சத்திரம் தேவைப்படும் ஒரே ஒரு கோவையைக்கூட யாரும் இதுவரை காட்டவில்லை. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றும் யாரும் நிரூபிக்கவில்லை.